குறுந்தொகை 25: அந்தக் குருகை எப்படிப் பொருள்கொள்வது?

கேள்வி
எழுதியவர்: முதலாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் இளங்கலைத் தமிழ் முதலாண்டு படிக்கிறேன். குறுந்தொகையின் 25ஆம் பாடலுக்கு இரண்டு பக்க அளவில் விளக்கக் கட்டுரை எழுதித் தருமாறு எங்கள் வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். கபிலர் பாடிய அந்தக் குறிஞ்சித் திணைப் பாடல் இது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

உரைநூலின் துணையோடு சொற்பொருளைப் புரிந்துகொண்டேன். "அவன் என்னைக் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, கள்வனாகிய அவன் ஒருவனே இருந்தான். அவன் அன்று சொன்னதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? தினையின் தாளைப் போன்ற சிறிய, பசிய கால்களை உடைய குருகும் (கொக்கு போன்ற நீர்ப்பறவை) இருந்தது, அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது" என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். இதுவரை எனக்குத் தடையில்லை.

குருகிடம் வரும்போதுதான் தடுமாறுகிறேன். அந்தக் குருகு பயன்படாத ஒரு சாட்சி என்று வகுப்பில் விளக்கினார்கள். நான் வாங்கிய தேர்வுக் கையேடு, மீனுக்காகக் காத்து நிற்கும் குருகு தலைவனுக்கு உவமை என்றும், ஆரல் தலைவிக்கு உவமை என்றும் சொல்கிறது. என் தோழியோ, பாடலின் கடைசியில் குருகு நினைவுக்கு வருவதால் அது தலைவியின் நம்பிக்கையைக் காட்டுகிறது என்கிறாள். மூன்றும் பொருந்துவது போலவே எனக்குத் தோன்றுகின்றன. எது சரி என்று மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டபோது, "இலக்கியத்தில் எல்லாமே சரிதான், நன்றாக எழுதினால் போதும்" என்றார். எல்லாமே சரியென்றால் விளக்கம் கேட்பதற்கே பொருளில்லையே என்ற குழப்பம் எனக்கு ஏற்பட்டிருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. "தினைத்தாள்" என்று வருவதால், தினை அறுவடை முடிந்துவிட்டது, இனிச் சந்திக்க வழியில்லை என்று எழுதலாமா? "வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது" (திருமணம் தள்ளிப்போனபோது தலைவி தோழியிடம் சொன்னது) என்று பாடலின் கீழே தரப்பட்டிருக்கும் துறைக்குறிப்பில் உள்ள செய்தி பாடலுக்குள் எங்கும் இல்லையே, அதை ஆதாரமாகக் கொள்ளலாமா?


மறுமொழி 1
எழுதியவர்: கரும்பலகை

அன்புள்ள மாணவிக்கு வணக்கம். பல்லாண்டு பள்ளியிலும் பிறகு கல்லூரியிலும் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், "எல்லாமே சரிதான்" என்ற விடையை நீங்கள் ஏற்றுக்கொள்ளாமல் இங்கே வந்து கேட்டதற்காக முதலில் மகிழ்கிறேன். ஒரு பாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அவற்றுள் ஒவ்வொன்றும் பாடலின் எந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று காட்ட வேண்டும். அந்தப் பொருளைக் கொண்டால் மீதிச் சொற்கள் வலுப்பெறுகின்றனவா, வேலையற்றுப் போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பாடலில் ஐந்தே அடிகள்தான் இருக்கின்றன என்பதால் இதைச் செய்து பார்ப்பது எளிது.

குருகை விட்டுவிட்டு முதலடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு காதல் பாடல் "யாரும் இல்லை" என்று ஏன் தொடங்க வேண்டும்? தன் அன்பையோ பிரிவின் துயரையோ சொல்ல வந்தவள் அப்படித் தொடங்கமாட்டாள். "அவன் உனக்கு வாக்குக் கொடுத்தபோது அங்கே யார் இருந்தார்கள்?" என்ற கேள்வி அவள் மனத்தில் எழுந்திருந்தால்தான் இந்த விடை பிறக்கும். அந்தக் கேள்வியைத் தோழி கேட்டாளா, ஊரார் நாளை கேட்பார்கள் என்று அவளே எண்ணினாளா என்பதைப் பாடல் சொல்லவில்லை. எப்படியானாலும், பாடலின் முதற்சொல்லே சான்றைத் தேடுகிறது. அடுத்து வரும் "தானே கள்வன்" என்பதில் உள்ள ஏகாரம் பிரிநிலை. அவன் மட்டுமே என்று பிரித்துக் காட்டுகிறது. அங்கே இருந்த ஒரே மனிதன் அவன், அவனே கள்வன். அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே வாய் யாரைக் குற்றம் சாட்ட வேண்டுமோ அவனுடைய வாயாகவே இருக்கிறது. இந்த நெருக்கடி முழுவதையும் கபிலர் நான்கு சொற்களில் அடக்கியிருக்கிறார். இதைப் படிக்கும்தோறும் வியக்கிறேன்.

பிறகுதான் "குருகும் உண்டு" என்று வருகிறது. முதலில் யாரும் இல்லை என்றவள் இறுதியில் ஒன்று உண்டு என்கிறாள். இந்த முரண்பாட்டைக் கவனிக்காத எந்த விளக்கமும் பாடலின் நடுப்பகுதியைத் தவறவிட்ட விளக்கமே. அவனேயன்றிக் குருகும் இருந்தது என்று உம்மையை எச்ச உம்மையாகக் கொள்ளலாம்; ஒரு பொருட்டாக எண்ணத் தகாத குருகுகூட இருந்தது என்று இழிவு சிறப்பாகவும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும், அந்த இடத்தில் இருந்தவர்களை எண்ணும் கணக்கில்தான் குருகு சேர்கிறது. ஆகவே குருகு ஒரு சாட்சி என்ற விளக்கம், முதலடியின் "யாரும் இல்லை" என்பதையும் இறுதியடியின் "குருகும் உண்டு" என்பதையும் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிக்கிறது. வேறு எந்த விளக்கமும் இவ்விரண்டையும் இப்படி இணைப்பதில்லை.

அந்தச் சாட்சி என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பாருங்கள். "ஆரல் பார்க்கும்" என்கிறாள் தலைவி. சாட்சி செய்ய வேண்டிய வேலை பார்ப்பது. இந்தக் குருகும் பார்த்தது. ஆனால் அவர்களைப் பார்க்கவில்லை. அதற்கு வாய்பேச வராது என்பது மட்டும் குறையாக இருந்திருந்தால், பறவையைச் சாட்சியாகச் சொல்வது வெறும் பேதைமையாக முடிந்திருக்கும். தன் பசியிலேயே கண்ணாக இருந்த ஒரு பறவையைத் தன் வாழ்வின் முக்கியமான நாளுக்குச் சாட்சியாக அவள் நினைத்துப் பார்க்கிறாள் என்பதில்தான் அவளது தனிமை முழுமையாக வெளிப்படுகிறது.

சாட்சி என்பது அவள் காலத்தில் எவ்வளவு பெரிய செய்தி என்பதை அகநானூற்றின் 256ஆம் பாடல் காட்டுகிறது. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டுப் பிறகு "அறியேன்" என்று பொய்ச் சூளுரைத்தவனை, அறிந்த சாட்சிகளை விசாரித்து, அவையத்தார் மரத்தில் கட்டி, அவன் தலையில் நீற்றைப் பெய்து தண்டித்தார்கள் என்று அந்தப் பாடல் பேசுகிறது. அங்கே அந்தப் பெண்ணுக்குச் சாட்சி இருந்தது, அவை செவிசாய்த்தது. நம் பாடலின் தலைவிக்கு அது இல்லை. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்ற தொல்காப்பியக் கற்பியல் நூற்பாவையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள். களவில் கூடியவர்கள் பொய் சொல்லத் தொடங்கியதால் பலர் அறிய நடக்கும் திருமணச் சடங்கு தேவைப்பட்டது என்பது அதன் கருத்து. "தானது பொய்ப்பின்" என்று தலைவி அஞ்சுவதும் அதே பொய்யைத்தான். இந்த இரண்டையும் கட்டுரையில் காட்டினால், உங்கள் விளக்கம் சங்க இலக்கியத்தின் மற்றொரு பாடலிலும் இலக்கண நூலிலும் வேர்கொண்டு நிற்கும்.


மறுமொழி 2
எழுதியவர்: அகவன்மகள்

கரும்பலகை ஐயா எழுதியதை நான் ஏற்கிறேன். ஆயினும், கையேடு சொல்லும் கருத்தை ஒரு வரியில் தள்ளிவிடாமல் அது எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்று காட்டுவது மாணவிக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். அகப்பாடல்களில் உள்ளுறை குறித்து ஆய்வு செய்துவருகிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குருகைத் தலைவனாகவும் ஆரலைத் தலைவியாகவும் கொள்வது உள்ளுறை உவமத்தின் வழியில் செல்லும் விளக்கம். உள்ளுறைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவுகோல் "உள்ளுறுத் திதனோ டொத்துப்பொருள் முடிகென" என்பது. அதாவது, சொல்லப்பட்ட இயற்கைக் காட்சியும் சொல்லாமல் உணர்த்தப்படும் செய்தியும் ஒன்றோடொன்று ஒத்து முடிய வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அதே கபிலர் பாடிய குறுந்தொகை 38ஆம் பாடலைப் பாருங்கள்.

கான மஞ்ஞை அறையீன் முட்டை
வெயிலாடு முசுவின் குருளை உருட்டும்
குன்ற நாடன் கேண்மை

மயில் பாறையில் ஈன்ற முட்டையை, வெயிலில் விளையாடும் முசு என்னும் குரங்கின் குட்டி அதன் அருமை தெரியாமல் உருட்டுகிறது. தலைவியின் அன்பைத் தலைவன் அதன் அருமை உணராமல் கையாள்கிறான் என்பது உள்ளே கிடக்கும் செய்தி. முட்டை உடையக்கூடியது, குட்டிக்குத் தீய எண்ணம் இல்லை, ஆனாலும் ஆபத்து உண்டு என்று ஒவ்வொரு கூறும் ஒத்து வருகிறது. இந்தக் காட்சி பாடலில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நோக்குங்கள். அது தலைவனுடைய நாட்டுக்கு அடைமொழியாக வருகிறது. "இன்னது நிகழும் குன்ற நாடன்" என்று அவன் நிலத்தைச் சொல்வது போல அவனையே சொல்லிவிடுவதுதான் உள்ளுறையின் வழக்கமான அமைப்பு. பழுத்து உதிரும் மாம்பழத்தைப் பழனத்து வாளை கவ்வும் ஊரன் என்று வரும் குறுந்தொகை 8ஆம் பாடலும் அவ்வாறே அமைந்திருக்கிறது.

25ஆம் பாடலில் நாடன் இல்லை, ஊரன் இல்லை, துறைவன் இல்லை. குருகு யாருடைய நிலத்துக்கும் அடைமொழியாக வரவில்லை. அது நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்த உண்மைப் பறவை. இது முதல் தடை. இரண்டாவது தடை இன்னும் பெரியது. குருகு தலைவனானால் ஆரல் தலைவியாக வேண்டும். ஆனால் "மணந்த ஞான்று" என்பதால் கூட்டம் நிகழ்ந்துவிட்டது. குருகோ அந்த நேரத்திலும் மீனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, பிடித்ததாகப் பாடல் சொல்லவில்லை. "ஆரல் கவரும் குருகு" என்றோ "ஆரல் அருந்திய குருகு" என்றோ கபிலர் பாடியிருந்தால் கையேடு சொல்வது ஒத்து முடிந்திருக்கும். அவர் அப்படிப் பாடவில்லை. ஆகவே இதை உள்ளுறை என்று திட்டமாக எழுதுவது பொருந்தாது என்பதே என் முடிவு.

ஆனால் அந்த எண்ணம் வாசகருக்கு ஏன் எழுகிறது என்பதற்குப் பாடலிலேயே காரணம் இருக்கிறது. இறுதியடியை உரக்கப் படித்துப் பாருங்கள்: "குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே". குருகும் அவனும் ஒரே அடியில், ஒரே நாளில், அருகருகே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். தன் இரையில் மட்டுமே கருத்தாக இருக்கும் ஒன்றும், அவளால் "கள்வன்" என்று சொல்லப்பட்ட ஒருவனும் அவள் நினைவில் ஒன்றாக வருகிறார்கள். அவள் அவனை நேராகப் பழித்துவிடவில்லை. பறவையின் செயலைச் சொல்லும்போது அவனைப் பற்றிய அச்சத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது. இதைக் கட்டுரையில் "குருகின் இரைநோக்கு தலைவனின் தன்னலத்தையும் நினைவூட்டக்கூடும்" என்று அளவோடு எழுதலாம். "குருகு என்பது தலைவன், ஆரல் என்பது தலைவி" என்று சமன்பாடாக எழுதக் கூடாது. உள்ளுறையாக ஒத்து முடியாமல், காட்சிக்குப் புறத்தே தோன்றும் இத்தகைய குறிப்புகளை இறைச்சி என்னும் தலைப்பில் வைத்துப் பேசலாம். ஆனால் இறைச்சி எது என்பதில் தொல்காப்பிய உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. முதலாண்டுக் கட்டுரையில் அந்த விவாதத்திற்குள் நீங்கள் இறங்க வேண்டிய தேவையில்லை.

உங்கள் தோழி சொன்ன "நம்பிக்கை" என்னும் விளக்கத்திற்கு நான் பாடலில் பிடிமானம் காணவில்லை. "யானெவன் செய்கோ" என்ற வினாவுக்குப் பிறகு குருகு வருவதால் அது ஆறுதலாக இருக்கலாமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆறுதல் தரும் எந்தச் சொல்லும் குருகைச் சுற்றி இல்லை. சங்கப் பாடல்களில் குருகுக்கு நிலையான ஒரு குறியீட்டுப் பொருள் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். குறுந்தொகை 260ஆம் பாடலில் "குருகும் இருவிசும் பிவரும்" என்று வருவது, பிரிந்தவன் திரும்பி வருவான் என்பதற்கான நல்ல அறிகுறிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் வெள்ளாங்குருகை வைத்து அம்மூவனார் ஒரு பத்தே பாடியிருக்கிறார். அங்கே அந்தப் பறவைக்கு வேறு வேலை. ஒரு பாடலில் குருகு என்ன செய்கிறது என்பதை அந்தப் பாடலில்தான் கேட்க வேண்டும். அகராதி போலப் பறவைக்கு ஒரு பொருளை எழுதி வைத்துக்கொண்டு எல்லாப் பாடல்களிலும் அதைப் பொருத்துவதுதான் இன்றைய தேர்வுக் கையேடுகள் மாணவர்களுக்குச் செய்யும் பெருங்கேடு என்று கருதுகிறேன்.


மறுமொழி 3
எழுதியவர்: சாரல்

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். நீர்நிலைகளில் பறவைகளை நோக்குவது என் பழக்கம். அந்த வகையில் ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன்.

நம் ஊர் வயல்களிலும் ஓடைகளிலும் காணும் மடையானுக்குப் பசுமையும் மஞ்சளும் கலந்த கால்கள் உண்டு. கரையின் மண்ணிறத்தோடு கலந்து, அசையாமல் நீரையே நோக்கி நின்றிருக்கும். மனிதர் மிக அருகில் சென்ற பிறகே சட்டென்று வெண்சிறகை விரித்துப் பறக்கும் என்பதால் அதைக் குருட்டுக் கொக்கு என்றும் அழைக்கிறார்கள். கபிலர் கண்ட குருகு இதுதான் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் "சிறுபசுங் கால" என்ற வருணனை ஒரு பறவையை உற்றுப் பார்த்தவரின் வருணனை என்பதில் எனக்கு ஐயமில்லை. இருவர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு நீர்ப்பறவை பறந்து போகாமல் எப்படி நின்றது என்று யாரேனும் கேட்டால், அப்படி நிற்கும் பறவைகள் உண்டு என்று சொல்ல முடியும்.

ஆரல் பற்றியும் ஒன்று. அது மெலிந்து நீண்ட உடலை உடைய மீன். அடியில் உள்ள மணலிலும் சேற்றிலும் உடலைப் புதைத்துக்கொள்ளும். ஓடும் நீரில் அப்படிப்பட்ட மீனைக் காண்பதற்குக் குருகு தன் கவனம் முழுவதையும் ஓரிடத்திலேயே வைத்திருக்க வேண்டும். கரும்பலகை ஐயா சொன்ன "வேறெதையும் பார்க்காத சாட்சி" என்பதற்கு இது துணை நிற்கும் என்று நினைக்கிறேன்.


மறுமொழி 4
எழுதியவர்: கரும்பலகை

சாரல் அவர்களின் குறிப்புக்கு நன்றி. "ஆரல்" என்று மீனின் பெயரைச் சுட்டிக் கபிலர் பாடியதன் பயன் இப்போது இன்னும் தெளிவாகிறது. அகவன்மகள் உள்ளுறையைப் பற்றி எழுதியதற்கு நான் மறுப்பு ஏதும் சொல்லப் போவதில்லை. மாணவியின் மற்ற இரண்டு ஐயங்களுக்கு விடை எழுதுகிறேன்.

முதலில் தினைத்தாள். குறிஞ்சிப் பாடல்களில் தலைவி தினைப்புனம் காக்க வருவதும், அங்கே தலைவனைச் சந்திப்பதும், தினை முற்றி அறுவடை ஆனபின் அவள் வெளியே விடப்படாமல் வீட்டில் செறிக்கப்படுவதும் மரபுதான். அந்த மரபை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஆனால் இந்தப் பாடலில் அறுவடையைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. தாள் என்றது தண்டினைத்தான். கதிர் கொய்த தாள் என்று அடை கொடுத்திருந்தால் வேறு. மேலும் அது குருகின் காலுக்கு உவமையாக வந்ததே தவிர, புனத்தின் நிலையைச் சொல்ல வரவில்லை. "பசுங்கால்" என்று நிறம் சொல்லப்பட்டிருக்கும்போது, காய்ந்துபோன அறுவடைப் புனத்தைக் கற்பனை செய்வது அந்தச் சொல்லுக்கே எதிராகப் போகிறது. ஆகவே அறுவடை முடிந்தது என்று எழுதாதீர்கள்.

அதற்குப் பதிலாக உவமையிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. "கிழவி சொல்லின் அவளறி கிளவி" என்று தொல்காப்பிய உவமவியல் கூறுகிறது. தலைவி பேசினால் அவள் அறிந்த பொருள்களைக் கொண்டே உவமை அமையும். பறவையின் காலைப் பார்த்ததும் அவளுக்குத் தினையின் தண்டு நினைவுக்கு வருகிறது என்றால், தினையோடு வாழ்ந்த பெண்ணின் கண் அது. ஒரே உவமையில் அவள் யார், எந்த நிலத்தவள், எதைப் பார்த்து வளர்ந்தவள் என்பது தெரிந்துவிடுகிறது. நீரில் மீன் தேடும் பறவை மலைநிலப் பாடலில் எப்படி வந்தது என்று யாராவது தடை எழுப்பினால், எந்த நிலத்துப் பூவும் பறவையும் வேறொரு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கு உரியவையாகக் கொள்ளப்படும் என்று அகத்திணையியல் இடம் தருகிறது என்பதைச் சொல்லுங்கள். தினை என்ற சொல்லும் அந்தக் குருகைக் குறிஞ்சிக்குள் பிடித்து வைக்கிறது.

இனித் துறைக்குறிப்பு. அகப்பாடல்களின் கீழ் காணப்படும் கூற்றுக் குறிப்புகள் பாடிய புலவர்கள் எழுதியவை அல்ல. தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே அது பாடலின் பகுதி அன்று. அதே நேரத்தில் அதை வீணானதாகவும் கருதக் கூடாது. இந்தப் பாடலை மிகப் பழைய காலத்தில் வாசித்த ஒருவருடைய விளக்கம் அது. நமக்கு முன்னே வந்த முதல் உரை என்று அதை மதிக்கலாம். உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாடல், துறை, உரை ஆகியவை தனித்தனியே நிற்பதை அங்கே காணலாம்.

துறைக்குறிப்பை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். 38ஆம் பாடலில் "வாழி தோழி" என்று விளி இருக்கிறது. இங்கே யாரையும் விளிக்கும் சொல் இல்லை. அவள் தோழியிடம் சொல்லலாம். தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளவும் கூடும். வரைவு நீட்டிப்பும் பாடலுக்குள் இல்லை. அவளுடைய அச்சத்துக்குக் காரணம் திருமணம் தள்ளிப்போவதுதான் என்பதைத் துறைதான் நமக்குத் தருகிறது. எனவே கட்டுரையில், "துறைக்குறிப்பின்படி இது வரைவு நீட்டித்த இடத்துக் கூற்று, பாடலுக்குள் அந்தச் செய்தி வெளிப்படையாக இல்லாவிடினும், 'பொய்ப்பின்' என்ற சொல்லில் இருக்கும் அச்சம் அந்தச் சூழலோடு நன்கு பொருந்துகிறது" என்று எழுதுங்கள். எது பாடல் சொல்வது, எது மரபு சொல்வது, எது நீங்கள் சொல்வது என்று படிப்பவருக்குத் தெரிந்தால் போதும். விடைத்தாள் திருத்திய காலத்தில் நான் மதிப்பெண் குறைத்தது பெரும்பாலும் இந்த மூன்றும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்த விடைகளுக்குத்தான்; புதிதாகச் சிந்தித்ததற்காக யாருக்கும் குறைத்ததில்லை.


மறுமொழி 5
எழுதியவர்: முதலாண்டு மாணவி

கரும்பலகை ஐயாவுக்கும், அகவன்மகள், சாரல் ஆகியோருக்கும் என் நன்றி. 256ஆம் அகநானூற்றுப் பாடலைத் தேடிப் படித்தேன். உங்கள் விளக்கங்களைக் கொண்டு கட்டுரையின் மையப் பத்தியை இவ்வாறு எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

"தலைவன் தன்னை ஏமாற்றிவிட்டதைத் தலைவி இப்பாடலில் முறையிடுகிறாள். 'யாரும் இல்லை' என்று சாட்சி இல்லாத நிலையைக் கூறித் தொடங்கும் அவள், இறுதியில் 'குருகும் உண்டு' என்கிறாள். ஆனால் அக்குருகு ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குச் சாட்சியாகப் பயன்படாது. களவில் கூடியவன் பொய் சொன்னால் அவையம் சாட்சிகளை விசாரித்துத் தண்டித்ததை அகநானூறு 256 காட்டுகிறது. இத்தலைவிக்கு அத்தகைய சாட்சி இல்லை. குருகின் காலுக்குத் தினைத்தாளை உவமை கூறியதில் அவள் தினைப்புனம் சார்ந்த மலைநிலப் பெண் என்பது புலப்படுகிறது. இரையிலேயே கருத்தாக நிற்கும் குருகு, தலைவனின் தன்னலத்தைப் பற்றிய அவளது அச்சத்தையும் நினைவூட்டக்கூடும்."


மறுமொழி 6
எழுதியவர்: அகவன்மகள்

பத்தி நன்றாக வந்திருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் பாடலிலிருந்து ஒரு சொல்லைக் காட்டியிருக்கிறீர்கள், கடைசி வாக்கியத்தில் "நினைவூட்டக்கூடும்" என்று அளவோடு நின்றிருக்கிறீர்கள். முதல் வாக்கியத்தை மட்டும் மாற்ற வேண்டும். "ஏமாற்றிவிட்டதை" என்பதற்குப் பாடலில் இடமில்லை. தலைவி "பொய்த்தான்" என்று சொல்லவில்லை, "பொய்ப்பின்" என்கிறாள். அது நிபந்தனைச் சொல். அவன் இன்னும் பொய்க்கவில்லை. நாளையே வந்து வரைந்துகொள்ளவும் கூடும். நடந்துவிட்ட துரோகத்தை அவள் முறையிடவில்லை. நடக்கக்கூடிய ஒன்றை எண்ணி அஞ்சுகிறாள். அவனைக் "கள்வன்" என்று அழைத்துக்கொண்டே அவன் வரவையும் எதிர்பார்க்கும் நிலை அது. அவன் ஏற்கெனவே ஏமாற்றிவிட்டான் என்று கொண்டால் "யானெவன் செய்கோ" என்பது புலம்பலாகிவிடும். இன்னும் தெரியவில்லை என்று கொண்டால்தான் அது விடை தேடும் வினாவாக இருக்கும்.

"தலைவன் தன் சொல்லைப் பொய்யாக்கினால் தனக்குத் துணைநிற்கும் சான்று எதுவும் இல்லையே என்று தலைவி இப்பாடலில் அஞ்சுகிறாள்" என்று அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கடுத்து வரும் சாட்சி பற்றிய வாக்கியங்களும் அதனோடு நேராக இணைந்துவிடும்.